வயலின் வாங்கிடலாம், வாத்தியார்?

வயலின் வாங்குறது ரொம்ப சுலபம் மக்களே. கடைக்குப் போனா பெட்டி, வில், ரோசின் கட்டி எல்லாத்தையும் சேர்த்துக் கையில குடுத்துடுவாங்க. அதுக்கு ஒரு வாத்தியார் தேடறதுக்குள்ளதான் தாவு தீர்ந்துடும். அதுவும் திண்டிவனத்துல இருந்துகிட்டு!

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. என்கிட்ட இருந்த 'ஹௌ டு நேம் இட்' (இளையராஜா, 1986. வயலின் வி.எஸ்.நரசிம்மன்) கேட்டதுல இருந்து "மாமா, எனக்கு இது கத்துக்கணும்"னு ஒரே பிடிவாதம். அக்காவுக்குத் தையல் மெஷின்தான் வருமானம். இருந்தும் சீட்டு எடுத்து வயலின் வாங்கிட்டாங்க.

நல்ல வாத்தியார்னா மெட்ராஸ்தான்னு எல்லாரும் சொன்னாங்க. சேர்த்தோம். ஞாயித்துக்கிழமை விடிகாலை ரயில், தாம்பரத்துல மாறி மின்சார ரயில், அப்புறம் பஸ். போக வர இருநூறு கிலோமீட்டருக்கு மேல. அங்க ஒரே அறையில பன்னெண்டு பிள்ளைங்க, ஆளுக்கொரு பாடம். இவ முறை வர்றது அஞ்சு நிமிஷம். விரல் வைக்கிற இடத்துல கலர் ஸ்டிக்கர் ஒட்டி, மூணாவது மாசமே ஆண்டு விழாவுக்கு ஒரு சினிமா பாட்டு. ஸ்டிக்கரைப் பாத்து வாசிப்பா. சுருதி சேர்க்கத் தெரியாது, அவங்களே சேர்த்துக் குடுத்துடுவாங்க.

ஆறு மாசம் ஆச்சு. ஒரு நாள் அவளே சொன்னா, "விட்டுடலாம் மாமா. ஞாயித்துக்கிழமைதான் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க நேரம்." பதிமூணு வயசுப் பொண்ணு சொல்ற வார்த்தையா இது?

எனக்கு வேலை விழுப்புரத்துல. அங்க மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. கலை பண்பாட்டுத் துறை நடத்துறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. 12ல இருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம், மூணு வருஷப் படிப்பு, கட்டணமும் ரொம்பக் கம்மி. ஆனா முழுநேர வகுப்பு. ஸ்கூலை நிறுத்திட்டு அனுப்ப முடியுமா?

அப்பதான் ஒரு கல்யாணத்துல நாயனம் வாசிச்சவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். "அங்க படிச்சுட்டு வந்த ஒரு அம்மா வீட்லயே சொல்லித் தர்றாங்க சார், போய்ப் பாருங்க"ன்னார். தேடறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: விளம்பரப் பலகையைப் பாக்காதீங்க, வாசிக்கிறவங்களைக் கேளுங்க.

டீச்சர் முதல் நாள் பெட்டியைத் திறக்கவே விடல. "பாப்பா, ஒரு ஸ-ப-ஸ பாடு"ன்னாங்க. ரெண்டு மூணு சுருதி மாத்திப் பாடவெச்சு, குரல் சௌகரியமா நிக்கிற சுருதிக்கு வயலினை இறக்கினாங்க. நம்ம சங்கீதத்துல நாலு தந்தியும் ஸ-ப-ஸ-ப. பாடற குரல்தான் கணக்கு. மேற்கத்திய முறையில தந்திகளோட சுருதி மாறாது. வயலின் ஐரோப்பாவுல இருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) மாதிரி ஆளுங்க அதை நம்ம பாட்டுக்குப் பழக்கினாங்க. அவங்க நின்னுகிட்டுத் தாடையில பிடிப்பாங்க. நாம சம்மணம் போட்டு, வயலினோட தலையை வலது கால்ல தாங்கி வைப்போம். அப்பதான் இடது கை தாராளமா வழுக்கி கமகம் பிடிக்க முடியும்.

அடுத்து ஸ்டிக்கரை எல்லாம் உரிச்சுப் போட்டாங்க. பொண்ணு மிரண்டுட்டா. "கண்ணால தேடாத பாப்பா, காதால தேடு" அவ்ளோதான்.

அப்புறம் ஒரு மாசம் வெறும் தந்தியில வில் இழுக்குறது மட்டும். அக்கா என்னைத் தனியா கூப்பிட்டு, "ஏன் தம்பி, துட்டு வாங்கிட்டு ஒரே இழுப்பா இழுக்க வெக்குறாங்களே?"ன்னாங்க. எனக்கும் பதில் தெரியல. ரெண்டாவது மாசம் மாயாமாளவகௌளையில சரளி வரிசை ஆரம்பிச்சப்ப பதில் தன்னால வந்துச்சு. கீச்சு சத்தம் இல்ல. ஸ்வரம் தப்பினா அவளே முகம் சுளிச்சு, விரலை நகர்த்திக்கிறா.

இளையராஜா விஷயத்தையும் கேட்டுட்டேன். "அதுக்கு மேற்கத்திய முறையும் நொட்டேஷனும் வேணும் சார். எனக்குத் தெரியாது. இது நல்லா நின்னப்புறம் அதுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புங்க"ன்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன அன்னிக்கே எனக்கு முழு நம்பிக்கை வந்துடுச்சு.

இப்ப சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேர பஸ்ல விழுப்புரம் வந்துட்டுப் போறா. ஜண்டை வரிசை நடக்குது. அக்காவோட ஞாயித்துக்கிழமை திரும்பக் கிடைச்சாச்சு. மெட்ராஸ்ல நல்ல வாத்தியாரே இல்லைன்னு சொல்ல வரல, சண்டைக்கு வந்துடாதீங்க :-) நிறைய பேர் இருக்காங்க. ஆனா ஆறு மணி நேரப் பயணத்துக்கு அஞ்சு நிமிஷப் பாடம்னா, எந்த ஊரா இருந்தாலும் கட்டுப்படி ஆகாது.

ப்ளஸ் டூ முடிச்சுட்டு இசைப்பள்ளியிலயே சேர்றேங்கிறா. 25 வயசு வரைக்கும் இடம் உண்டே. அக்கா இப்பவே அடுத்த சீட்டுக்குப் பேர் குடுத்துட்டாங்க.