கெட்ட பக்கம்: டேட்டாபேஸ் குறிப்புகள்

"கரப்ட் ஆயிடுச்சு" என்று வரும் அழைப்புகள் பலவற்றில் டேட்டாபேஸ் நலமாகத்தான் இருக்கும். டிஸ்க் நிரம்பியிருக்கும். யாரோ ஃபைல்களின் உரிமையை மாற்றியிருப்பார்கள். பில்லிங் புரோகிராம் தவறான தொகையை எழுதியிருக்கும், டேட்டாபேஸ் அதை உண்மையாகக் காப்பாற்றி வைத்திருக்கும். இவற்றைச் சிதைவு என்று சொல்ல முடியாது. டேட்டாபேஸ் எழுதியது ஒன்றாகவும் திரும்பப் படிக்கும்போது கிடைப்பது வேறாகவும் இருந்தால், அல்லது தான் எழுதியதைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் போனால், அதுதான் சிதைவு. இந்தப் பிரிவினையை முதல் பத்து நிமிடத்தில் செய்துவிட வேண்டும்.

*

சிதைவு உறுதியானதும் கை தானாக ரிப்பேர் கட்டளையைத் தேடும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. எஸ்க்யூஎல் சர்வரின் "ரிப்பேர்_அலவ்_டேட்டா_லாஸ்" கட்டளையின் பெயரிலேயே அதன் விலை எழுதியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் "இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி" 1 முதல் 6 வரை போகும். 4-ஐத் தொட்டாலே தரவு நிரந்தரமாகக் கெடலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் "பிஜி_ரீசெட்வால்" டிரான்சாக்‌ஷன் லாக்கையே துடைத்துவிட்டு சர்வரை எழுப்பும். சர்வர் எழுந்துவிட்டதே என்று எல்லாரும் மூச்சு விடுவார்கள். உள்ளே பாதி முடிந்த பரிவர்த்தனைகள் முடிந்தவைபோல் உட்கார்ந்திருக்கும். ஏன் கெட்டது என்று சொல்லக்கூடிய தடயமும் அதோடு போய்விடும்.

ஆகவே சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். எல்லாச் சோதனையும் அந்தப் பிரதியின் மேல்தான். இன்னொன்று: மெஷினை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் கெர்னல் செய்திகளைச் சேமித்துவிட வேண்டும். அவை நினைவகத்தில் ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டிருப்பவை. தனியே டிஸ்க்கில் எழுதிவைக்க ஏற்பாடு இல்லாத மெஷினில் ரீஸ்டார்ட்டோடு மறைந்துவிடும். "ஐ/ஓ எரர்" என்ற ஒற்றை வரி அங்கே இருந்திருந்தால் அரை நாள் தேடல் மிச்சம்.

*

போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஒரு பக்கம் 8 கேபி. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபிக்கு இயல்பாக 16 கேபி. போஸ்ட்கிரெஸ் பெரிய டேபிள்களை 1 ஜிபி துண்டுகளாக வெட்டி வைக்கும். ஒரு துண்டில் 1,31,072 பக்கங்கள். பிழைச் செய்தி பக்க எண்ணைச் சொல்லிவிடும். அதை 1,31,072-ஆல் வகுத்தால் ஈவு எந்தத் துண்டு என்று காட்டும், மீதியை 8192-ஆல் பெருக்கினால் அந்தத் துண்டு ஃபைலில் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த 8192 பைட்டுகளை மட்டும் வெட்டியெடுத்து ஹெக்ஸில் பார்க்க வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் விசாரணையின் மையம். கெட்ட பக்கம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதிலேயே யார் கெடுத்தது என்பதற்குப் பாதி விடை இருக்கும்.

முழுக்கப் பூஜ்யம், அதுவும் 4096-இன் மடங்கில் தொடங்கி 4096-இன் மடங்கில் முடிகிறது என்றால், ஃபைல் சிஸ்டத்தையும் அதற்குக் கீழே இருப்பதையும் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் இடம் ஒதுக்கப்பட்டு, உள்ளடக்கம் வந்து சேராமல் போயிருக்கலாம்.

பழைய பிரதியோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருக்கிறதா? ராம் பக்கம் திரும்ப வேண்டும். அந்த மெஷினில் ஈசிசி ராம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கூகுள் சர்வர்களில் எடுத்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை பதிவானது என்றது அது. ராம் கெடுவது அபூர்வம் என்ற நம்பிக்கையை அந்த எண் எனக்குள் உடைத்தது.

பக்கத்தின் முதல் பாதி புதியது, பின்பாதி பழையது என்றால் அது கிழிந்த பக்கம். டிஸ்க் 512 அல்லது 4096 பைட்டுகளாகத்தான் எழுதும். 8 கேபியை எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாதியில் நிற்கும். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் செக்பாயின்டுக்குப் பின் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது அதை முழுதாக லாக்கில் எழுதுகிறது. இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடத்தில் எழுதுகிறது. கிழிந்த பக்கம் மீளாமல் கண்ணில் பட்டால், வேகத்துக்காக இந்தப் பாதுகாப்பை யாரோ அணைத்திருக்கிறார்களா என்று கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும்.

பக்கத்துக்குள் வேறொரு ஃபைலின் எழுத்துகள், ஒரு வெப் சர்வர் லாக்கின் வரிகள்போல ஏதாவது தெரிந்தால் டேட்டாபேஸை விட்டுவிடலாம். டிஸ்க்கின் ஃபர்ம்வேரோ ஃபைல் சிஸ்டமோ தவறான இடத்தில் எழுதியிருக்கிறது.

மிகக் கொடியது கடைசி வகை. பக்கம் அழகாக இருக்கும், செக்சம் பொருந்தும், ஆனால் பழைய பக்கம். எழுதிவிட்டேன் என்று கீழிருந்து பதில் வந்தது, எழுதவில்லை. செக்சம் இதைப் பிடிக்காது, பழைய பக்கத்துக்கும் அதன் சொந்தச் செக்சம் சரியாகத்தானே இருக்கும்.

*

கண்டுபிடித்த நாளும் கெட்ட நாளும் ஒன்றல்ல. மார்ச் கணக்கு முடிக்கும்போது மட்டும் படிக்கப்படும் ஒரு டேபிள் ஜூலையில் கெட்டிருந்தால், ஜூலையில் நடந்ததைத்தான் தேட வேண்டும். ஆனால் எல்லாரும் "நேற்று என்ன மாற்றினீர்கள்?" என்றே கேட்பார்கள்.

போஸ்ட்கிரெஸ் பக்கத்தின் முதல் 8 பைட்டுகள், அந்தப் பக்கத்தைக் கடைசியாக மாற்றிய லாக் பதிவின் இடத்தைச் சொல்கின்றன. தலைப்பகுதி பிழைத்திருந்தால் அதுவே ஒரு தேதிமுத்திரை. பழைய லாக்குகளைச் சேமித்து வைத்திருந்தால், "பிஜி_வால்டம்ப்" கருவியைக் கொண்டு அந்தப் பக்கத்தைத் தொட்ட பதிவுகளை மட்டும் எடுத்துப் படிக்கலாம் (15-ஆம் பதிப்பிலிருந்து பக்க எண்ணைக் கொடுத்தே வடிகட்ட முடிகிறது). பழைய பேக்கப்புகளில் அதே பக்கத்தைத் தேடி, எந்தத் தேதி வரை நன்றாக இருந்தது, எந்தத் தேதியில் கெட்டிருக்கிறது என்று இரு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் இடைவெளி ஒரு வாரமாகச் சுருங்கியதும் அந்த வாரத்தின் பவர் கட், டிஸ்க் மாற்றம், வர்சுவல் மெஷின் இடமாற்றம் எல்லாம் பெயரோடு முன்னே வந்து நிற்கும்.

ஸ்டான்ட்பை சர்வர் இருந்தால் பெரிய உதவி. அதே பக்கம் ஸ்டான்ட்பையில் நலமாக இருக்கிறதென்றால், கோளாறு பெரும்பாலும் முதன்மை மெஷினின் டிஸ்க் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால், லாக்கில் ஏறுவதற்கு முன்பே, ராமிலோ மென்பொருளிலோ கெட்டிருக்கிறது.

*

2018 மார்ச் இறுதி. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களின் முன், அவர்களில் ஒருவரான கிரெய்க் ரிங்கர் வைத்த கேள்வியை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டேட்டாபேஸ் எழுதுவது நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. கெர்னல் அதை வாங்கி ராமில் வைத்துக்கொண்டு பிறகு எழுதும். "எல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா?" என்று கேட்கும் அழைப்புதான் எஃப்சிங்க். இறங்கவில்லை, பிழை என்று பதில் வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது? அடுத்த செக்பாயின்டில் மறுபடி கேட்டது. லினக்ஸோ, எழுத முடியாமல் போன பக்கத்தையும் எழுதியாகிவிட்டது என்று குறித்துவிட்டு, பிழையை ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். இரண்டாவது எஃப்சிங்க்குக்கு "வெற்றி" என்று பதில். போஸ்ட்கிரெஸ் அதை நம்பி, தனக்கு இனி லாக் தேவையில்லை என்று முடிவெடுக்கும். மீட்க வழியிருந்த ஒரே ஆதாரம் அப்போது போகும்.

இந்தத் தவறான எதிர்பார்ப்பு ஏறத்தாழ 20 ஆண்டுகள் நிரலில் இருந்தது. உலகின் மிகக் கவனமான நிரலாளர்கள் எழுதியது அது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகளில் (11.2, 10.7 முதலியவை) நடத்தையை மாற்றினார்கள்: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வர் தன்னை நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மீண்டும் எழும். இன்னோடிபியும் மாங்கோடிபியின் வயர்டைகரும் இதே வழிக்கு வந்தன. இந்த மாற்றம் சரியானது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. சந்தேகத்தோடு ஓடுவதைவிட நின்றுபோவது மேல். பழைய பதிப்பு ஓடும் சர்வரில், ஓரிரு பக்கங்கள் மட்டும் காரணமில்லாமல் பழையதாக இருந்து, கெர்னல் லாக்கில் ஒரு டிஸ்க் பிழையும் இருந்தால், நான் முதலில் பார்க்கும் இடம் இது.

*

பொய் சொல்லும் டிஸ்க்கைப் பிடிக்க எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் கேட்டால், நொடிக்கு ஏறத்தாழ 120-க்கு மேல் வரக்கூடாது. ஆயிரக்கணக்கில் வந்தால், நடுவில் எங்கோ ஒரு கேஷ் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்கிறது. அந்தக் கேஷுக்குப் பேட்டரி இருந்தால் நல்லது. ரெய்ட் கார்டின் பேட்டரி செத்துப்போய் யாரும் கவனிக்காத மெஷின்கள் உண்டு. எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கேட்க வேண்டியது, மின்சாரம் போனால் உள்ளே இருப்பதை எழுதி முடிக்கக் கப்பாசிட்டர் இருக்கிறதா என்பது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான மலிவு எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்காது. யூபிஎஸ் இருக்கிறதே என்பது முழுப் பதில் ஆகாது. பவர் சப்ளை எரிந்தால் யூபிஎஸ் என்ன செய்யும்?

*

டிஸ்க், ராம் எதுவுமே குற்றவாளி இல்லாத சிதைவு ஒன்று உண்டு. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, 2018 ஆகஸ்டில் வந்தது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. போஸ்ட்கிரெஸ் பல அமைப்புகளில் அந்த விதியைத்தான் நம்பியிருந்தது. "11", "1-1" இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழைய ஜிலிப்சி "11"-ஐ முதலில் வைக்கும். புதியது "1-1"-ஐ வைக்கும். டெபியன் 10-க்கோ ரெட் ஹேட் 8-க்கோ மாறியவர்களின் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டப்பட்டவை, தேடல் நடப்பதோ புதிய வரிசையில். அகராதியின் சொற்களைப் பழைய அகர வரிசையிலேயே விட்டுவிட்டு, வாசகருக்கு மட்டும் புதிய அகர வரிசையைக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இருக்கும் பெயர் இல்லை என்று வரும். யூனிக் இன்டெக்ஸ் இருந்தும் ஒரே பெயர் இரண்டு முறை ஏறும். நிறுத்தற்குறிகளும் கோடுகளும் இருக்கும் சொற்களில்தான் மாற்றம் அதிகம். இனிஷியலும் புள்ளியுமாக நம் பெயர்களை வைத்திருக்கும் டேபிள்களை அதனால் தனியே பார்ப்பேன்.

செக்சம் இங்கேயும் வாய் திறக்காது. ஒவ்வொரு பைட்டும் எழுதியபடியே இருக்கிறது. "ஆம்செக்" என்ற நீட்சிதான் பிடிக்கும், அது இன்டெக்ஸுக்குள் போய் வரிசையையே சரிபார்க்கும். மருந்து ரீஇன்டெக்ஸ். அதற்கு முன் இரட்டித்த வரிகளைக் கையால் தீர்க்க வேண்டும். 15-ஆம் பதிப்பு முதல், வரிசை விதியின் பதிப்பு மாறியிருந்தால் இணையும்போதே எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடக்கும் நிர்வாகிகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

*

எஸ்க்யூலைட். பிரதி எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஜர்னல் ஃபைலை விட்டுவிடுவது, "தேவையில்லாத ஃபைல்" என்று அதை அழிப்பது, நெட்வொர்க் ஷேரில் வைத்துப் பலர் திறப்பது. சிதைவுக்குக் காரணம் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்று.

*

ஒரே டைரக்டரியின் மேல் இரண்டு சர்வர்கள். போஸ்ட்கிரெஸ் இதைத் தடுக்கப் "போஸ்ட்மாஸ்டர்.பிட்" என்ற ஃபைலை வைத்திருக்கிறது. சர்வர் எழவில்லை என்று அதை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லும் அறிவுரை எங்கும் உலவுகிறது. பழைய புராசஸ்கள் இன்னும் உயிரோடு இருந்தால் பெரும் சேதம். கன்டெய்னர்கள் வந்தபின் இது இன்னும் சுலபமாகிவிட்டது: ஒரே வால்யூமை இரண்டு கன்டெய்னர்கள் ஏற்றிக்கொண்டால், ஒன்றின் புராசஸ் மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியாது, காவல் வேலை செய்யாது.

*

டம்ப் தடங்கலில்லாமல் முடிந்தது, ஆகவே டேட்டாபேஸ் நலம் என்று சொல்பவர்களிடம்: டம்ப் டேபிள்களைத்தான் முழுதாகப் படிக்கும். உங்கள் இன்டெக்ஸ்களை அது சரிபார்ப்பதில்லை.

*

நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பகங்களில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. செக்சம் பொருந்தாத இடங்கள் 4 லட்சத்துக்கும் மேல். டிஸ்க் தானாகப் புகார் சொல்லாத பிழைகள் இவை. "ஹார்ட்வேர் பிரச்சினை" என்று ஆதாரமில்லாமல் எழுதித் தருவதை நான் எதிர்க்கிறேன். அதே அளவு உறுதியாக, "புது டிஸ்க், அதில் இருக்காது" என்பதையும் ஏற்க மாட்டேன்.

சந்தேகத்துக்குரிய மெஷினை மாற்றியதும் பழையதை உடனே அழித்துவிடக் கூடாது. ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும், டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவுகளைச் சேமிக்கலாம். காரணம் தெரியாமல் புது மெஷினுக்குப் போனால், காரணம் கான்ஃபிக் ஃபைலில் இருந்தால், அதுவும் கூடவே வரும்.

*

போஸ்ட்கிரெஸ்ஸில் செக்சம் 9.3-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் டேட்டாபேஸை உருவாக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். 12-ஆம் பதிப்பிலிருந்து, சர்வரை நிறுத்திவிட்டு "பிஜி_செக்சம்ஸ்" கொண்டு பின்னாலும் சேர்க்கலாம். 18-இல் இயல்பாகவே வருகிறது. பழைய டேட்டாபேஸில் செக்சம் இல்லாமல் இருந்து "பிஜி_அப்கிரேட்" வழியாக 18-க்குப் போகிறவர்கள் கவனிக்க: இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் அது மறுத்துவிடும். அப்போது புதியதில் செக்சத்தை அணைப்பது ஒரு வழி. பழையதை நிறுத்தி அதில் செக்சத்தைச் சேர்த்துவிட்டு ஏறுவது இன்னொன்று. நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் இரண்டாவதையே செய்யுங்கள்.