எங்கட தண்ணி என்ன சொல்லிச்சு?

என்னுடைய தீசிஸ் வீட்டு அலுமாரியில் சாறிகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடும் நீல மட்டை, பொன் எழுத்து, ஆங்கிலத்தில் 78 பக்கம். பைண்ட் பண்ணிக்கொண்டு வந்த நாள் அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அதை யாரும் திறந்ததில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

வலிகாமத்தில் எங்கட ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக 32 கிணறுகளில் தண்ணீர் எடுத்து, அதில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அதுதான் ஆய்வு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பின்னணியை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும், வீட்டுக்கு வீடு இருக்கிற மலக்குழியும் அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் இறங்குகின்றன. வெங்காயத்துக்கு உரம் போடாமல் வருமானம் இல்லை, கிணறு இல்லாமல் வீடு இல்லை. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

நான் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது 2022 மார்ச்சில். அந்த மாதம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும்தானே. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எடுத்த தண்ணீரை 4 பாகையில் குளிராக வைத்து இரண்டு நாளுக்குள் சோதிக்கவேண்டும். லாப்பில் இருந்த பிரிட்ஜ் பெட்டி மாதிரி நின்றது. முதல் தடவை எடுத்த 11 போத்தலையும் ஊற்றினேன். திரும்ப எடுக்கப் பெற்றோல் இல்லை. தம்பியின் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டியைக் கட்டி, ஐஸ் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸ்கட்டியைப் போட்டு, வெயிலுக்குள் ஊர் ஊராகப் போனேன். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை போனதில் இரசாயனம் வாங்கவும் முடியவில்லை. கட்மியம் முறையைக் கைவிட்டு, ஐதரோகுளோரிக் அமிலம் மட்டும் போதும் என்ற புறஊதா முறைக்கு மாறினோம். 220 நனோமீற்றரில் ஒரு வாசிப்பு, 275 இல் இன்னொன்று. அந்த நல்ல கருவி லாப்பில் இருந்ததே ஒரு உயர்கல்வித் திட்டத்தின் புண்ணியத்தில்தான் என்பதையும் சொல்லவேண்டும். சீர்திருத்தம் எல்லாம் வெறும் கடதாசி என்று சொன்னால் அது பொய்.

பதினாலாவது கிணறு ஒரு அன்ரியுடையது. என்னுடைய கொப்பியில் அது டபிள்யூ-14. நான் போனபோது வேர்த்துக் களைத்திருந்ததைப் பார்த்து, முதலில் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் தந்தார், அதே கிணற்றுத் தண்ணீர். குடித்துவிட்டுத்தான் சாம்பிள் எடுத்தேன். போகும்போது கேட்டார்:

"இது என்னத்துக்குப் பிள்ளை? எங்கட தண்ணி நல்லமோ இல்லையோ எண்டு சொல்லுவியோ?"

"ஓம் அன்ரி, றிசல்ட் வந்தோடன சொல்லுறன்."

றிசல்ட் வந்தது. டபிள்யூ-14 வரம்புக்கு மேலே நின்றது. அது மட்டுமில்லை, தோட்டங்களை ஒட்டி இருந்த வேறு பல கிணறுகளும். அட்டவணை போட்டேன், வரைபடம் போட்டேன், மழைக்கு முன் மழைக்குப் பின் என்று பிரித்து எடுக்காதது ஆய்வின் குறைபாடு என்றும் நேர்மையாக எழுதினேன். வைவாவில் ஒருத்தர் புள்ளிவிபரச் சோதனை பற்றிக் கேட்டார். இன்னொருத்தர் மேற்கோள்களில் ஆண்டு பிழைத்ததைக் காட்டினார். இந்த 32 வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று படிவத்திலும் இல்லை, புள்ளி கொடுக்கிற தாளிலும் இல்லை.

நானாகப் போய்ச் சேரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த நெருக்கடிக்குள்ளும் தன் காசில் அமிலம் வாங்கித் தந்தவர். "முதல் பேப்பராப் போடுவம். அதுக்கு முதல் டேற்றா வெளியில போகக்கூடாது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒரு தடவை எடுத்த சாம்பிளை வைச்சுக்கொண்டு சனத்தைப் பயப்படுத்திப்போட்டு, நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றும் கேட்டார். இரண்டாவது காரணம் எனக்கு விளங்கியது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை வந்தபோது நான் ஓ.எல். கூட எடுக்கவில்லை. ஒரு பக்கம் ஆபத்து என்றார்கள், இன்னொரு பக்கம் ஆபத்தான அளவில் எதுவுமில்லை என்றார்கள். சனம் தெருவில் இருந்தது. 2019 ஏப்ரலில்தான் உயர்நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. நிபுணர்களின் பேச்சு எப்படி மாறும் என்பதை அந்த ஊர்ச் சனம் கண்ணால் கண்டது. சேர் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் பேப்பரும் வரவில்லை. ஒரு ஜேர்னல் திருப்பி அனுப்பியது. இன்னொன்று வெளியிடக் கட்டணம் கேட்டது, டொலரில். அத்தோடு அது நின்றுவிட்டது.

அடுத்த வருடம் கோயில் திருவிழாவில் அன்ரியைக் கண்டேன். "என்ன பிள்ளை, எங்கட தண்ணி என்ன சொல்லிச்சு?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் சொன்ன பதில்: "பெரிசா ஒண்டும் இல்லை அன்ரி."

இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வசனம்தான்.

உயர்கல்விச் சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தது, காலியில் இருந்து கொழும்புக்கு நடந்தார்கள். அந்த 6 இன்றைக்கும் சுவரில் எழுதுகிற இலக்கம்தான். அதற்கிடையில் உலக வங்கிக் கடனில் திட்டங்கள் வந்தன. 2003 இல் ஒன்று, 2010 இல் ஒன்று, 2017 இல் 10 கோடி டொலருக்கு 'அஹெட்'. தர உறுதிப்பாடு, ஆங்கிலம் கற்பித்தலை மேம்படுத்தல், கைத்தொழிலோடு தொடர்பு, ஆராய்ச்சியைச் சந்தைப்படுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிதி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மஹபொல 5,000 ரூபாவில் இருந்து 7,500 ஆனது. அறை வாடகையும் சாப்பாடும் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த 2,500 பெரிய விசயம், அதில் எனக்கு எந்த நக்கலும் இல்லை.

நாடு முழுக்க ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிற காசு மொத்த உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். இந்தியாவே 0.6 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது, நாங்கள் அதில் ஆறில் ஒன்று. எல்லா அரசாங்கமும் இதைக் கூட்டுவோம் என்று சொல்லியிருக்கிறது. கூட்டட்டும். ஆனால் கூட்டிய காசு எதை அளந்து கொடுக்கப்படும் என்பதுதான் என் கேள்வி. இப்போதைய அளவுகோலில் ஒரு விரிவுரையாளருக்குப் புள்ளி கிடைப்பது சுட்டெண் போடப்பட்ட ஜேர்னலில் பேப்பர் வந்தால். பல்கலைக்கழகத்துக்கு மதிப்புக் கிடைப்பது தரவரிசையில் ஏறினால். புதிதாகச் சேர்ந்தது காப்புரிமையும் கம்பனியும். டபிள்யூ-14 கிணற்றடியில் போய் ஒருத்தர் அரை மணித்தியாலம் இருந்து கதைத்தால் இந்த மூன்றில் எதற்குள்ளும் அது வராது. சேரைக் குற்றம் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பேப்பரைத்தான் முதலில் பார்த்திருப்பேன், ஏனென்றால் அவருடைய பதவியுயர்வுப் படிவம் அதைத்தான் கேட்கிறது.

ஆராய்ச்சியை மதிக்கவில்லை என்று சனத்தையும் சொல்லமுடியாது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியபோது, விவசாய விஞ்ஞானிகள் பலர் வேண்டாம் என்று எழுதினார்கள். அரசாங்கமே அதைக் காதில் போடவில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கட ஊரில் பாதித் தோட்டம் வெறும் தரை. நைத்திரேற்று பற்றி ஆய்வு செய்கிற நான், உரத்தைக் குறைக்கவேண்டும் என்று நம்புகிற நான், அந்தக் காலத்தில் தோட்டக்காரருக்கு முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டேன். மெல்ல மெல்லக் குறைக்கக் கிடைத்திருந்த வழியை அந்தத் தடை பழுதாக்கிப்போட்டது. இனி யார் போய் "யூரியாவைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று சொன்னாலும் அடிக்கத்தான் வருவார்கள்.

மொழியையும் சொல்லவேண்டும். விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படித்ததில் எனக்கு முறைப்பாடு இல்லை, அது இல்லாமல் வெளியில் ஒன்றும் வாசிக்கமுடியாது. ஆனால் நாலு வருடத்தில் ஒரு தடவைகூட, நீ கண்டுபிடித்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுது என்று யாரும் கேட்டதில்லை. மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் 1860களில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் எழுதுவித்தார். 160 வருடம் கழித்து, அதே வலிகாமத்துக் கிணற்றைப் பற்றி அதே வலிகாமத்துப் பிள்ளை தமிழில் ஒரு பக்கம் எழுதத் திணறினேன். ஆம், எழுதினேன், இந்த ஜூன் மாதம். அன்ரியின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறா என்று அம்மா பேச்சுவாக்கில் சொன்ன இரவு.

நைத்திரேற்று கூடின தண்ணீர் பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற வேலையைக் கெடுக்கும். பிள்ளை நீலம் பாரிக்கும். இதை நான் என் அறிமுக அத்தியாயத்தில், மூன்றாம் பக்கத்தில், நாலு மேற்கோளோடு எழுதியிருக்கிறேன்.

அந்த இரவு "நைத்திரேற்று" என்று எழுதி வெட்டினேன். "உரத்தில் இருக்கிற சத்து தண்ணீரில் கரைந்து" என்று எழுதினேன். சராசரி, நியம விலகல் எல்லாம் போயிற்று. மூன்று தடவை எழுதி ஒரு பக்கத்துக்குள் வந்தது. ஒரே ஒரு தடவை எடுத்த சாம்பிள், இப்போது மாறியிருக்கலாம், திரும்பச் சோதிக்கவேண்டும் என்பதையும் எழுதினேன். அதை எழுதியபிறகு சேரின் பயம் பாதி போய்விட்டது போல இருந்தது. சனத்துக்கு நிச்சயமின்மை விளங்காது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தநாள் பின்னேரம் போனேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக, சத்தமாக வாசித்தார். மகள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டு நின்றா. எட்டாம் மாதம்.

"நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்றார் அன்ரி.

"கொதிக்க வைச்சா கிருமிதான் சாகும் அன்ரி. இது போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. "மூண்டு வரியமா இது உன்னட்டக் கிடந்ததோ?"

நான் பேசவில்லை. சொல்லவந்த காரணங்கள் எல்லாம், பேப்பர், ஜேர்னல், டேற்றா, அந்தக் குந்தில் இருந்து சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. மகள்தான் இடையில் புகுந்து, பிள்ளைக்கு எந்தத் தண்ணி பாவிக்கலாம், தாய்ப்பால் குடுத்தால் பிரச்சினையோ என்று கேட்டா. தாய்ப்பாலுக்குப் பயமில்லை, மாப்பால் கரைக்கவேண்டி வந்தால் இந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கிளினிக்கில் மிட்வைவிடமும் இந்தத் தாளைக் காட்டுங்கோ என்றேன்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இருந்தது, ஆனால் அதைவிட வேறு யோசனை ஒன்று ஓடியது.

"உங்க பின்வளவிலயும் எடுத்தனிதானே? அவையின்ர மருமகளும் கைக்குழந்தையோட."

"ஓம் அன்ரி. அது பதினஞ்சாவது."

"அதுக்கும் எழுதினியோ?"

"இன்னும் இல்லை."

அவர் எழும்பி வேலியடிக்குப் போய், தகரத்தில் தட்டிக் கூப்பிட்டார். நான் பையில் இருந்த தீசிஸை எடுத்து, பின்னிணைப்பில் பதினைந்தாம் வரிசையைத் தேடத் தொடங்கினேன்.