பட்டியல்ல வந்தவ

வெள்ளவத்தை முடிந்து தெஹிவளை தொடங்கினால் மாநகர சபையே மாறிவிடும். ஆனாலும் கொழும்புக்கு 2018ல் ரோசி சேனாநாயக்க முதல் பெண் மேயராக வந்தபோதும், 2025 ஜூனில் விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்றபோதும் தெஹிவளையில் இருக்கிற எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனா நாங்கள் யோசிப்பது பின்வரிசைப் பெண் உறுப்பினர்களைப் பற்றி.

உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் முன்பு 2 வீதம்கூட இல்லாமல் இருந்த நாடு இது. 2016ல் 25 வீத ஒதுக்கீடு சட்டமானது. 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அப்போது உள்ளே போன பெண்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்றவர்கள் இல்லை, பட்டியலில் வந்தவர்கள். "பட்டியல்ல வந்தவதானே" என்று ஒதுக்குவது அதனால் சுலபம். தனக்கென்று வட்டாரம் இல்லாதவரிடம் வடிகான் அடைப்பை யார் போய்ச் சொல்வது?

நாங்கள்தான் சொல்லவேணும். கம்பஸ் முடிந்து இருட்டில் பஸ்ஸால இறங்கி நடக்கிற எங்களுக்குத் தெருவிளக்கு சின்ன விசயமில்லை. உங்கள் சபையில் பட்டியலில் வந்த பெண் யார் என்று தேடுங்கள். விளக்கு எரியாவிட்டால் அவவுக்கும் எழுதுங்கள். சனம் தேடிப்போனால்தான் அவ அடுத்தமுறை துணிந்து வட்டாரத்தில் நிற்கலாம்.