முட்டுக்காட்டுத் தீயும் ஒரு நீலக் கடல்நத்தையும்

கிழக்குக் கடற்கரைச் சாலை மனம் வைத்தால் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து முட்டுக்காட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டினால் திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கானத்தூர் என ஊர்கள் வரிசையாகக் கழியும். பிறகு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் ஓட்டுக் கூரைகள். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. கட்டட அமைப்பில் லாரி பேக்கரின் கை தெரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, தெரியாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைச் சுமக்கும் பேட்டையிலிருந்து வருகிறவருக்கு, இங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய செட்டிநாட்டு வீடு சொந்த வீடு போலத் தோன்றும். ஆனால் கூட்டம், குறிப்பாகக் குழந்தைகள், மொய்ப்பது கண்ணாடி ஊதும் கலைஞரின் மேசையைத்தான்.

மேசையில் பர்னர் ஒன்று, சில கண்ணாடிக் குழாய்கள், ஒரு இடுக்கி. அவ்வளவே. நீலத் தீயில் குழாயைக் காட்டியதும் தீ மஞ்சளாகச் சீறும். கண்ணாடியிலுள்ள சோடியம் செய்கிற வேலை அது. குழாயை விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் இளகிய பக்கம் தன் எடையால் தொங்கிப்போகும். பதம் வந்ததும் தீயை விட்டு வெளியே எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து மெல்ல ஊதினால் ஒரு குமிழ் பிறக்கிறது. குமிழின் ஓரத்தை மறுபடி சூடாக்கி இழுத்தால் கழுத்து, நுனியைக் கிள்ளினால் அலகு. அன்னம் தயார். இனிமேல்தான் ஆபத்து. வெளித்தோல் முந்தியும் உள்ளே பிந்தியும் ஆறினால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். நாள் கழித்துத் தானாகவே விரிசல் விடும். அதனால் பக்குவமாக ஆறவிட வேண்டும்.

இந்தப் பொம்மைகளைத் திருவிழாக் கடைச் சரக்கு என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். உலகம் வியக்கும் ஒரு கண்ணாடிச் சேகரிப்பு இதே மேசைத் தீயில்தான் பிறந்தது.

போஹீமியாவில் பிறந்த லியோபோல்ட் பிளாஷ்கா 1853இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காற்றில்லாமல் கப்பல் நடுக்கடலில் நின்றது. அந்த நாள்களில் அவர் கண்டவை இரவில் ஒளிரும் ஜெல்லிமீன்கள். அவற்றைச் சாராயத்தில் போட்டு வைத்தால் நிறமும் போகும், உருவமும் சுருங்கும். அருங்காட்சியகங்களுக்கு அது தீராத தலைவலி. ஒளி ஊடுருவும் உடலுக்கு ஒளி ஊடுருவும் பொருள்தானே பொருத்தம்? 1863இல் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்காகக் கடல் சாமந்திகளைக் கண்ணாடியில் செய்யத் தொடங்கினார். பின்னர் மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொள்ள, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கண்ணாடிச் செடிகள், பூக்கள். 1895இல் தந்தை இறந்தார். மகன் தனியாகவே 1936 வரை செய்தார். சுமார் 780 தாவர இனங்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். சில தண்டுகளுக்குள் கம்பி உண்டு, பலவற்றின் மேல் வண்ணப் பூச்சும் உண்டு. ஆனாலும் மகரந்தத் தாள் ஒவ்வொன்றும் தாவரவியலாளர் எண்ணிப் பார்க்கும்படி சரியாக இருந்தது.

பிளாஷ்காக்கள் செய்த கடலுயிர்களில் கிளாக்கஸ் என்ற நீலக் கடல்நத்தையும் ஒன்று. ஓடு இல்லாதது, விரலின் ஒரு கணு அளவே இருக்கும், சிறகு போல விரிந்த கிளைகளில் மிதக்கும். தான் தின்னும் உயிரின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் சேமித்துவைத்துத் தன் ஆயுதமாக்கிக்கொள்ளும். நீல டிராகன் என்பது இதன் செல்லப்பெயர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இது பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒதுங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஆற்றின் அக்கரை அது! ஜெர்மனியில் கண்ணாடியான உயிர் நம் மணலிலேயே கிடந்திருக்கிறது.

அப்படியிருக்க, அடையாற்றில் நீந்தாத அன்னத்தையே ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்? 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவில் மடையான் இருக்கிறது, நீர்க்காகம் இருக்கிறது. முகத்துவாரத்து மணலில் கண்களைக் குச்சி போல் நீட்டிக்கொண்டு நண்டு ஓடுகிறது. கைத்திறனுக்கும் பஞ்சமில்லை, பக்கத்திலேயே ஐஐடியின் வேதியியல் துறைக்காகக் குடுவைகளையும் குழாய்களையும் ஊதியும் வளைத்தும் ஒட்டியும் தருகிற கைகள் இதே கலையில் பழகியவை. வாங்குகிறவர்கள் மடையானைக் கேட்டால் மடையான் வரும். கேட்பதுதான் நம் வேலை.

இந்தச் சாலை முட்டுக்காட்டோடு முடியவில்லை. புதுச்சேரி வரை போகிறவர்கள் அரிக்கமேட்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டுபோட்டு, மணி செய்தார்கள். இது ஊதும் முறையல்ல, இழுக்கும் முறை. அதே வகை மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்கின்றன. அரிக்கமேட்டு மணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆந்திராவில் ரேணிகுண்டாவுக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் உலைக்கு முன் அமர்ந்து கண்ணாடிக் குழாய் இழுத்தவர்கள் அந்த வழியில் வந்தவர்களே என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் கருதினார். முட்டுக்காட்டுப் பயணத்தை முடித்தவர்கள் அடுத்த முறை வண்டியை வடக்கே திருப்பலாம்.