வாத்தியாரின் பச்சைக் காடி

மோரிஸ் மைனர் என்னும் மகிழுந்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பேராக் மாநிலத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். உடனே அடையாளம் சொல்வார்கள். ஆமை ஓடு போல் வளைந்த கூரை, தவளைக் கண் போல் இரு விளக்குகள். தோட்டத்து மக்களின் பேச்சில் அது மகிழுந்து அன்று, ‘காடி’. கிராணி, டிரெசர், வாத்தியார் போன்றோரிடம்தான் அது இருக்கும். பால்மரம் வெட்டுவோரிடம் மிதிவண்டி இருந்தாலே பெரிய காரியம்.

அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் காடி, 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மாதிரி வண்டி தயாரான பிறகு, அது குறுகலாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. உடனே வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கச் சொன்னாராம். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டையான மேட்டில் அந்தச் சேர்க்கையை இன்றும் காணலாம். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோரிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அப்பா சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். 1958-இல் செய்யப்பட்ட அந்த வண்டியை 1974-இல் தோட்டத்து டிரெசரிடமிருந்து வாங்கினார். பின்னாளில் நாங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தோம். வண்டி வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது. அப்பாவின் கை இலேசாக நடுங்கத் தொடங்கியபோதுதான் எனக்கு அவசரம் வந்தது. இனியும் தள்ளிப்போட்டால் எந்த நட்டு எங்கே போகும் என்று சொல்ல ஆள் இருக்காது.

பள்ளி விடுமுறையில் பிரிக்கத் தொடங்கினோம். முதலில் மின்கலத்தைக் கழற்றினோம். என் மகள் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்தாள். கழற்றியதைச் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதினாள். கடையில் வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் எதற்கும் பொருந்தவில்லை. இது அங்குலக் கணக்கில் செய்த வண்டி. அப்பா கட்டிலுக்கடியிலிருந்து தம் பழைய ஸ்பேனர் பெட்டியை இழுத்து வந்தார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். முறுக்கினால் தலை உடைந்துவிடும். “மரத்துப் பட்டையைச் சீவுற மாதிரி, தம்பி. அழுத்தினா மரம் கெட்டுப் போயிடும்” என்றார் அப்பா. அவர் பால்மரம் வெட்டியவரின் மகன்.

பின்னிருக்கையைத் தூக்கியபோது நான்கு ரப்பர் கொட்டைகள், ஒரு தலைமுடி ஊசி, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த பழைய பத்து சென் ஆகியவை கிடைத்தன. பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது இந்த இருக்கையில்தான். ஊசி யாருடையதோ!

இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஆகவே தரைத்தகடு துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் வலிமையே போய்விடும். எங்கள் வண்டியில் பின்புற வில்லைத் தாங்கும் இடம் விரலால் குத்தினாலே உதிர்ந்தது. அதை மட்டும் ஈப்போவில் ஒரு சீனப் பெரியவரின் பட்டறைக்கு அனுப்பி வெல்டிங் செய்தோம். அவரும் அப்பாவும் மலாயும் கந்தோனீசும் கலந்து மணிக்கணக்கில் பேசினார்கள். வேலை சற்று மெதுவாகத்தான் நடந்தது.

ரப்பர் பாகங்கள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. கதவு ஓரப்பட்டைகள், அதிர்வு தாங்கும் புஷ்கள், பிரேக் எண்ணெயை அடைத்து நிறுத்தும் வளையங்கள் என ஒன்றும் தேறவில்லை. புதியவை இங்கிலாந்திலிருந்து பொட்டலமாக வந்தன. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் வளையத்துக்காக அஞ்சல்காரரை எதிர்பார்த்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இயந்திரத்தை முடுக்குமுன் பிரேக்கைத்தான் முதலில் முடித்தோம். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டி அப்படியன்று.

சிக்கல் வண்ணத்தில்தான் வந்தது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க மூன்று அடுக்குகள் தெரிந்தன. மேலே அப்பா பூசிய இளம்பச்சை. அதன் கீழே டிரெசர் பூசிய சாம்பல். அடியில் தொழிற்சாலையின் கறுப்பு. பழைய வண்டி சேகரிப்போர் தொழிற்சாலை வண்ணத்தையே மதிப்பார்கள். விலையும் கூடும். நானும் கறுப்பின் பக்கமே சாய்ந்தேன். மீட்டெடுப்பது என்றால் முதல் நிலைக்குக் கொண்டு போவதுதானே?

அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கறுப்பு, சின்னத் துரையோட காடிப்பா. அது வந்தா நம்ம ஆளுங்க ரோட்டை விட்டு எறங்கி நிப்பாங்க. பச்சை வந்தா கையைக் காட்டி நிறுத்துவாங்க” என்றார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை, பள்ளியும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் வண்டி பச்சை வண்டிதான். வெயில் படாததால் முகப்புப் பலகையின் அடியில் வண்ணம் மங்காமல் இருந்தது. அங்கிருந்த சிறு தகட்டைக் கழற்றி ஈப்போ வண்ணக் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் நான்கு முறை கலந்து காட்டினார். நான்காவதற்கு அப்பா தலையசைத்தார்.

வண்டி இப்போது ஓடுகிறது. திரும்பும்போது இரு கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து சிறு கைபோல் வெளியே நீளும் சைகைக் காட்டி இதில் உண்டு. பின்னால் வருவோருக்கு அது புரியாது என்பதால் மினுக்கு விளக்குகளும் பொருத்தியிருக்கிறோம். இடப்பக்கக் கை மட்டும் இன்னும் சோம்பல்படுகிறது. அப்பா உள்ளிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்டுவார். அது மெல்ல எழுந்து நிற்கும்.