ஒட்டினால் மட்டும் போதுமா?

மனித உடலில் பல லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன என்பது பள்ளிக்கூடத்திலேயே படிப்பதுதான். அத்தனை செல்களும் ஏன் மணல் மாதிரி உதிர்ந்து விடுவதில்லை? நார் போட்டுத் தேய்த்தாலும் தோல் கழன்று வருவதில்லை. நிமிடத்துக்கு எழுபது தடவை சுருங்கி விரிந்தாலும் இதயத் தசை பிரிந்து போவதில்லை. எது இவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது?

ஏதோ பசை இருக்கும் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி செல்லுக்கு உள்ளே இருக்கிறது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மசாதோஷி டாகெய்ச்சி என்ற விஞ்ஞானி, கால்சியம் இருந்தால்தான் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்பதைக் கவனித்தார். அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு 1984ல் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் புரதம் செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினைப் பிடித்துக்கொள்ளும். வால் செல்லுக்குள் இருக்கும்.

தலைதானே பிடிக்கிறது, வால் எதற்கு? 1988ல் நாகாஃபுச்சியும் டாகெய்ச்சியும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாலின் பகுதியை வெட்டிய கேட்ஹெரினைச் செல்களுக்குக் கொடுத்தார்கள். தலை முழுதாக, செல்லின் மேற்பரப்பில் சரியாகத்தான் நின்றது. ஆனால் செல்கள் ஒட்டவே இல்லை! வெளியே கை நீட்டினால் மட்டும் போதாது, உள்ளே கால் ஊன்றியிருக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

உள்ளே எதில் ஊன்றுகிறது? செல் என்பது வெறும் தண்ணீர்ப் பை அல்ல. அதற்குள் ஆக்டின், கெரட்டின் போன்ற புரத இழைகள் கயிறு கயிறாக ஓடுகின்றன. இந்த அமைப்புக்குச் செல்சட்டகம் என்று பெயர். கேட்ஹெரினின் வாலை ஆக்டின் கயிற்றோடு இணைப்பவை கேட்டினின் என்ற புரதங்கள். லத்தீனில் 'கேட்டினா' என்றால் சங்கிலி. பொருத்தமான பெயர்தான்!

இந்தச் சங்கிலியில் ஒரு விசேஷம் உண்டு. இழுத்தால் பிடி தளரும் என்றுதானே நினைப்போம்? இங்கே நேர்மாறு. ஆல்ஃபா கேட்டினின் இழுவிசையில் விரிந்து, வின்குலின் என்ற இன்னொரு புரதத்தை உதவிக்குச் சேர்த்துக்கொள்கிறது என்று 2010ல் கண்டார்கள். ஓரளவு இழுக்கும்போது ஆக்டின் மீதுள்ள பிடி கூடவே இறுகுகிறது என்று 2014ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கிட்டத்தட்ட சுருக்கு முடிச்சு மாதிரி.

அதிக உரசலும் இழுப்பும் உள்ள இடங்களில் இதைவிட உறுதியான இன்னொரு இணைப்பும் உண்டு. அதுதான் டெஸ்மோசோம். சட்டைப் பொத்தான் போல இரண்டு செல்களைக் கோத்து வைக்கும். இதில் கயிறு ஆக்டின் அல்ல. தோலில் கெரட்டின், இதயத்தில் டெஸ்மின். பொத்தானையும் கயிற்றையும் சேர்த்துக் கட்டுபவை பிளாகோகுளோபின், டெஸ்மோபிளாகின் போன்ற புரதங்கள்.

சரி, இந்தக் கட்டு அவிழ்ந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? அதற்குப் பதில் கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவிலிருந்து வந்தது. மருத்துவர் நிக்கோஸ் புரோட்டோனோட்டாரியோஸும் அவருடைய குழுவினரும் அத்தீவின் சில குடும்பங்களைப் பற்றி 1986ல் எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் சில குழந்தைகள் கம்பளி போன்ற சுருள் முடியோடு பிறந்தார்கள். தவழவும் நடக்கவும் தொடங்கியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. பதின்ம வயதுக்குள் இதயத்தில் கோளாறு தெரிந்தது. தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து, துடிப்பு தாறுமாறாகிறது. சிலருக்கு இளம் வயதிலேயே திடீர் மரணம்.

முடிக்கும் கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? 2000ல் விடை கிடைத்தது. பிளாகோகுளோபின் மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன! தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். அதனால் பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள்.

தென் அமெரிக்காவின் எக்வடோரிலும் இதே போன்ற நோயைக் கார்வஹால் என்ற மருத்துவர் 1998ல் விவரித்தார். அங்கே பழுதானது டெஸ்மோபிளாகின். அதிலும் கயிற்றைப் பிடிக்கும் வால் பகுதிதான் இல்லாமல் போயிருந்தது. தோல் செல்களைப் பார்த்தால், விளிம்பில் கட்டப்பட்டிருக்க வேண்டிய கெரட்டின் இழைகள் நடுவில் உட்கருவைச் சுற்றிச் சுருண்டு கிடந்தன. கியோட்டோவில் ஆய்வகத்தில் வெட்டிப் பார்த்தது கேட்ஹெரினின் வால். எக்வடோரில் இயற்கையே வெட்டி வைத்திருந்தது வேறொரு புரதத்தின் வால். இரண்டு இடத்திலும் குறை உள்கட்டில்தான்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? இதயம் பழுதாவது வெளியே தெரியாது. ஆனால் முடியும் கையும் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. சுருட்டை முடி உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. பிறவியிலேயே கம்பளி முடி, கூடவே தடித்த உள்ளங்கை என இரண்டும் சேர்ந்திருந்தால், அந்தக் குழந்தையை இதய மருத்துவரிடமும் காட்ட வேண்டும். ஈசிஜி, எக்கோ பரிசோதனைகளைத் தொடர்ந்து செய்தால் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். தேவைப்பட்டால், துடிப்பு தாறுமாறாகும்போது மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் சிறு கருவியை உடலுக்குள் பொருத்தலாம். தோல் வியாதிதானே என்று களிம்பு மட்டும் தடவி அனுப்பிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.