பையனைக் காட்டினேன், வாத்தியாரைப் பார்க்கவில்லை

என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனதற்கு நானும் காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள் அவள். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். விடுதியில் தங்கிப் படித்தாள். பேசுவது தமிழ்தான், இழுவை மட்டும் வேறு. அவள் வாயைத் திறந்தாலே பின்பெஞ்சில் சிரிப்பு எழும். ‘மலைக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் செய்தது ஒரு படம் போட்டதுதான். 2022-இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபின், மாதம் ஒரு படம் காட்டுவது எங்களுக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தில் நானாகவே ‘பசங்க’ படத்தை எடுத்தேன். 2009-இல் பாண்டிராஜ் இயக்கியது. புதுக்கோட்டைப் பக்கம் விராச்சிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் அன்பு, வகுப்பை ஆட்டிப்படைக்கும் ஜீவாவிடம் சிக்கிச் சமாளிக்கும் கதை. படம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, “பார்த்தியாம்மா, அவனும் புதுசாத்தான் வந்தான். நீயும் அவனை மாதிரி சமாளிக்கணும்” என்றேன். தலையாட்டினாள். என் கடமை முடிந்ததென்று நினைத்துவிட்டேன்.

பொங்கல் விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் ஒருநாள் போய்க் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை.

பின்னால் அதே படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. ஜீவாவின் அப்பா சொக்கலிங்கம் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியர். சொந்த மகனுக்காக அவர் பரிந்து பேசுவதில்லை. அன்பு வீட்டில் நடக்கும் சண்டையையும் கவனித்து, அவன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் பையன் தேறி வருவதில் அவருக்கும் பங்கு உண்டு. நான் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆள் அவர். அவரை விட்டுவிட்டு, 12 வயதுப் பிள்ளையின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றினேன். சிரித்தவர்களை ஒருநாளும் கண்டிக்கவில்லை.

கதையில் ஒரு சிறுவன் தன் சிக்கலைத் தானே தீர்த்தால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். நான் அதை என் சாக்காக்கிக்கொண்டேன்.

இப்போது வகுப்பில் அப்படிச் சிரிப்பு எழுந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். மலைப்பிள்ளை சில நாள் வராவிட்டால் வீடு தேடிப் போகிறேன். இவை எதுவும் அவளுக்குச் செய்ததாகாது. அவளுக்குச் செய்ய வேண்டிய காலத்தில் நான் செய்யவில்லை.